வாயு வண்டி வாங்கலாமா? வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எழுதுவோம்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வண்டிகளின் பக்கம் திரும்பியது. நம்மில் பாதிப் பேர் ஒரு கட்சி, மீதிப் பேர் எதிர்க்கட்சி. "பெட்ரோல் விலைக்கு இனி கட்டுபடியாகாது, எல்லாரும் சி.என்.ஜி. வண்டிக்கு மாறிவிட வேண்டியதுதான்" என்றார் அரிசி மண்டி உறுப்பினர் ஒருவர். "குண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டில் போகச் சொல்கிறீர்களா?" என்றார் எண்ணெய் வியாபாரி. இருவர் சொன்னதும் முழுச் சரியல்ல என்பது நமது தாழ்மையான கருத்து. நமது மளிகை மொத்தக் கடையில் ஒரு வாயு வண்டி இரண்டு வருடமாக ஓடுகிறது. அதில் கிடைத்த லாபமும் தெரியும், பட்ட அடியும் தெரியும். ஆகவே இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

முதலில் ஒரு பழைய நினைவு. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் நாம் சிறு பையனாகக் கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் வந்து இறங்கின. வண்டிக்காரர் கூலி பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்பார்: "வழியில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கு?" மாடு எவ்வளவு இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அது எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதை வைத்துத்தான் அவர் பாதையை முடிவு செய்வார். இன்றைக்கு வாயு வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். நம்மவர்கள் வண்டியின் விலையைக் கேட்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள், தவணை கேட்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியை மட்டும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை.

இது என்ன வாயு?

நம் வீட்டு அடுப்பில் எரிவது எல்.பி.ஜி. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். வண்டிக்குப் பிடிக்கும் சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயு அது. அதை எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண வெப்பத்தில் திரவமாகாது. எனவே வாயுவாகவே வைத்துச் சுமார் 200 பார் அழுத்தத்தில் கனமான சிலிண்டரில் அடைக்கிறார்கள். நம் லாரி டயரில் இருக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் அது. இந்த ஒரு காரணத்தால்தான் சிலிண்டர் கனக்கிறது, இடத்தை அடைக்கிறது, நிரப்புவதற்குப் பெரிய கம்ப்ரசர் தேவைப்படுகிறது, பெட்டிக்கடை போல மூலைக்கு மூலை பங்க் வைக்க முடியவில்லை. இந்த வண்டியின் சௌகரியம், அசௌகரியம் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

இந்த வாயு நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. காவிரிப் படுகையில் கிடைக்கும் வாயுவைக் கொண்டு கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வாயு நம் தேவைக்குப் போதாது. நாடு முழுவதற்குமே தேவையில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. கத்தார் போன்ற நாடுகளில் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். அதை இறக்குவதற்கு எண்ணூரில் இந்தியன் ஆயில் கட்டிய முனையம் 2019-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. அங்கிருந்து குழாய் போடும் வேலை பகுதி பகுதியாக நடந்தது. இராமநாதபுரம் – தூத்துக்குடி குழாய் 2021-லும், எண்ணூர் – செங்கல்பட்டுக் குழாய் 2022-லும் தொடங்கி வைக்கப்பட்டன.

குழாய் வந்து சேர்ந்த நிலையத்தில் வாயு தடையின்றிக் கிடைக்கும். குழாய் வராத நிலையத்துக்குச் சிலிண்டர் அடுக்கிய லாரியில் வாயு வருகிறது. முன்னதைத் தாய் நிலையம் என்றும், பின்னதை மகள் நிலையம் என்றும் தொழிலில் சொல்வார்கள். வாங்குகிறவர் இந்த வேற்றுமையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லாரிச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது வருகிறவனுக்கு முழு அழுத்தம் கிடைக்கும். அது காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். கடைசியில் வருகிறவன் வண்டிக்குப் பாதிதான் ஏறும். பந்தியில் கடைசி இலைக்கு வரும் பாயசம் போலத்தான்.

பேரேட்டுக் கணக்கு

எரிபொருள் விலை மாதத்துக்கு மாதம், ஊருக்கு ஊர் மாறுகிறது. எனவே கணக்கின் முறையை மட்டும் தருகிறோம். உறுப்பினர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ வாயுவில் சுமார் 1.4 லிட்டர் பெட்ரோலின் சக்தி உண்டு. சிறிய சுமை வண்டி ஒன்று சரக்கோடு லிட்டருக்கு 14 கி.மீ. போகிறதென்றால், அதே வண்டி வாயுவில் கிலோவுக்கு 19 கி.மீ. போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் 100 ரூபாய், வாயு 90 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 14 காசு. வாயுவில் 4 ரூபாய் 74 காசு. மிச்சம் 2 ரூபாய் 40 காசு.

ஒரு நாளைக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,500 கி.மீ. ஆகிறது. மாத மிச்சம் சுமார் 3,600 ரூபாய். பெட்ரோல் வண்டியைவிட வாயு வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம் என்றால், 25 மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். கடனுக்கு வட்டி சேர்த்தால் இன்னும் சில மாதம். இது நல்ல வியாபாரம்தான்.

அதே வண்டி நாளுக்கு 20 கி.மீ. மட்டும் ஓடினால்? மாத மிச்சம் 1,200 ரூபாய். முதல் திரும்ப 75 மாதம், அதாவது ஆறு வருடத்துக்கும் மேல். பஜாருக்குள் நாலு தெரு சுற்றிக் கொடுக்கும் சில்லறைக் கடைக்காரர் இதை வாங்கினால் வண்டி பழசாகும், மிச்சம் வராது. அத்தகையவர் இன்றைக்கு மின்சார மூன்று சக்கர வண்டியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. மேலே சொன்னது பெட்ரோலோடு ஒப்பிட்ட கணக்கு. டீசல் வண்டி வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். டீசல் 93 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 17 காசு. வாயுவோடு வித்தியாசம் 43 காசுதான். மாதம் 1,500 கி.மீ. ஓடினால் 645 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல டீசல் வண்டியை விற்றுவிட்டு வாயு வண்டி வாங்குவது வீண் செலவு.

கணக்கில் எழுதாத வரி

மேற்படிக் கணக்கைத்தான் இரண்டு வருடம் முன்பு நமது மகன் காகிதத்தில் எழுதி நம்மிடம் நீட்டினான். "இருபத்தைந்து மாசத்தில் முதல் வந்துவிடும் அப்பா" என்றான். கணக்கில் தவறு காண முடியவில்லை. வாங்கினோம். ராசிபுரம் லைனுக்கும், ஓமலூர் – தாரமங்கலம் லைனுக்கும் அந்த வண்டியைப் போட்டோம்.

நாம் பிடிக்கும் நிலையம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. அங்கே வாயு லாரியில்தான் வருகிறது. முதல் மாதம் டிரைவர் தினமும் லேட்டாக வந்தார். கேட்டால், "பங்க்கில் லைன் முதலாளி" என்றார். நமக்கு நம்பிக்கை இல்லை. டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்றே நினைத்தோம். ஒரு சிட்டையைக் கொடுத்து, போன நேரம், வந்த நேரம், ஏறிய கிலோ மூன்றையும் எழுதச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் நாமே விடியற்காலையில் கூடப் போய் நின்றோம். நமக்கு முன்னால் 22 வண்டிகள். ஆட்டோக்காரர்கள், வாடகைக் கார்கள், நம்மைப் போன்ற சுமை வண்டிகள். நம் முறை வந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. பத்துக் கிலோ கொள்ளும் சிலிண்டரில் ஐந்து கிலோதான் ஏறியது. டிரைவர் எதுவும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் சிட்டையை நாம் சந்தேகித்ததில்லை.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை போட்டுப் பாருங்கள். டிரைவருக்கு நாள் சம்பளம் 800, சுமைக்காரருக்கு 700. பத்து மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் என்றால் மணிக்கு 150 ரூபாய். சிலிண்டர் நிறைய ஏறினால் பத்துக் கிலோவுக்கு 190 கி.மீ. ஓடும், மூன்று நாளுக்கு ஒருமுறை போனால் போதும். மாதம் எட்டு முறை, 1,200 ரூபாய் கழிந்தாலும் 2,400 ரூபாய் கையில் நிற்கும். பாதிதான் ஏறுகிறது என்றால் 95 கி.மீ.தான். தினமும் போயாக வேண்டும். 25 நாள், 25 மணி நேரம், 3,750 ரூபாய். மிச்சம் பிடித்தது 3,600. வரிசைக்குக் கொடுத்தது 3,750. மகன் எழுதிய கணக்கில் பிழை இல்லை. ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின வாரம் இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. ராசிபுரத்தில் இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரருக்குச் சர்க்கரை, மைதா, ரவை, கடலை மாவு எல்லாம் காலை ஏழு மணிக்குள் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தோம். வண்டியில் மூட்டை ஏற்றி விடியற்காலை நாலரைக்கே அனுப்பினோம். நிலையத்தில் வாயு தீர்ந்துவிட்டது, லாரி வரவில்லை. "பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு போகலாமே" என்று கேட்பீர்கள். அந்த வண்டியில் ஐந்து லிட்டர் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு சொட்டு இல்லை. "பெட்ரோல் போட வேண்டாம், வாயுவிலேயே ஓட்டு" என்று உத்தரவு போட்டவர் வேறு யாருமல்ல, நாமேதான். கடைசியில் டிரைவர் ஒரு பைக்காரரிடம் கெஞ்சி லிப்ட் வாங்கிப் போய்க் கேனில் பெட்ரோல் வாங்கி வந்தார். சரக்கு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அதற்குள் கடைக்காரர் உள்ளூரில் கூடுதல் விலைக்கு எடுத்துவிட்டார். நம்மைப் பார்த்து அவர் கோபிக்கக்கூட இல்லை. "பரவாயில்லீங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தையின் பொருள் தெரியும். அதன் பிறகு அவர் பாதிச் சரக்கைத்தான் நம்மிடம் எடுக்கிறார். 2 ரூபாய் 40 காசு மிச்சம் பிடிக்கப் போய், இருபது வருட நாணயத்தில் ஒரு கீறல் விழுந்தது.

அன்றிலிருந்து நமது கடையில் சட்டம் இதுதான்: ஐந்து லிட்டர் பெட்ரோல் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். அது செலவல்ல, வாக்கு தவறாமல் இருப்பதற்குக் கட்டும் இன்சூரன்ஸ்.

டில்லியும் பாகிஸ்தானும்

நமக்கு நேர்ந்தது புதுமையல்ல. டில்லி நகரம் இதைப் பெரிய அளவில் பட்டு அனுபவித்தது. அங்கே காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்பது அது. உத்தரவு நல்லதுதான். ஆனால் அந்த அளவுக்கு நிலையங்கள் இல்லை. ஆட்டோக்காரர்களும் பஸ்காரர்களும் மணிக்கணக்கில், சில சமயம் இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். கெடு தள்ளிப்போனது. 2002 ஏப்ரலில் நீதிமன்றம் டீசல் பஸ்களுக்கு நாள் கணக்கில் அபராதம் விதித்தது. அந்த ஆண்டு இறுதிக்குள்தான் நகரப் பேருந்துகள் மாறி முடிந்தன. பிறகு நிலையங்கள் பெருகின, வரிசையும் குறைந்தது. இன்று டில்லியில் ஆட்டோவும் டாக்சியும் வாயுவில் ஓடுவது சாதாரணக் காட்சி. வாயு வண்டி ஓடுமா என்ற கேள்விக்கு டில்லி விடை சொல்லிவிட்டது. நிலையம் முதலில், வண்டி பிறகு என்ற பாடத்தையும் சொல்லிவிட்டது.

பாகிஸ்தான் வேறு பாடம் சொல்கிறது. சொந்த வாயு இருக்கிறது என்ற தைரியத்தில் அங்கே 2010 வாக்கில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் சி.என்.ஜி.யில் ஓடின. உலகிலேயே முன்னணியில் இருந்த நாடுகளில் ஒன்று. நிலையங்களும் ஏராளம். ஆனால் வாயு போதவில்லை. வீட்டு அடுப்புக்கும் ஆலைக்கும் மின்சாரத்துக்கும் போக, வண்டிக்குக் கொடுப்பதைக் குறைத்தார்கள். வாரத்தில் சில நாள் நிலையங்களை மூடினார்கள். வண்டிக்காரன் பாடு திண்டாட்டமாகியது. டில்லியில் நிலையம் இல்லாமல் வரிசை, அங்கே வாயு இல்லாமல் வரிசை. இரண்டையும் நாம் விசாரிக்க வேண்டும்.

விலையும் நிலையானது அல்ல. டில்லியில் 2021 ஜூலையில் கிலோ 44 ரூபாய் 30 காசாக இருந்த வாயு, 2022 டிசம்பரில் 79 ரூபாய் 56 காசு ஆனது. உக்ரைன் போரால் உலக வாயு விலை ஏறியது இதற்கு முக்கியக் காரணம். 2023 ஏப்ரலில் மத்திய அரசு பழைய உள்நாட்டு வயல்களின் வாயு விலைக்கு நான்கு டாலர் அடிமட்டம், ஆறரை டாலர் உச்சம் என்று வரம்பு கட்டியது. டில்லி விலை 73 ரூபாய் 59 காசுக்கு இறங்கியது. ஆனால் 2024 இறுதியில் நகர விநியோகத்துக்குக் கொடுக்கும் மலிவு வாயுவின் அளவைக் குறைத்தார்கள். குறைந்ததை விலை கூடிய வாயுவால் ஈடுகட்ட வேண்டியதாயிற்று. ஆகவே, இன்றைய வித்தியாசம் ஐந்து வருடம் நிற்கும் என்று எழுதிவைத்துக் கடன் வாங்குவது விவேகமல்ல.

வெடிக்குமா?

எண்ணெய் வியாபாரி நண்பரின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். அடுப்பு வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். பெட்ரோலைவிட மீத்தேன் தானாகத் தீப்பற்ற அதிக வெப்பம் வேண்டும். ஆகவே கம்பெனியில் பொருத்திய வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஆபத்தானது என்று சொல்ல நியாயமில்லை.

ஆபத்து நமது அலட்சியத்தில்தான் இருக்கிறது. வாயு மேலே போகும் என்பதால், மேலே காற்றுப் போக்கு இல்லாத மூடிய கிடங்குக்குள் வண்டியை இரவில் நிறுத்தக் கூடாது. கூரை ஓரம் வென்டிலேட்டர் இருக்க வேண்டும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டரில் வாயு பிடிப்பது சட்ட விரோதம், உயிருக்கும் விரோதம். வெளியில் மலிவாகக் கிட் பொருத்துகிறவர்களிடம் ஏமாற வேண்டாம். அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு கைக்கு வராது. வீட்டுச் சிலிண்டரை வண்டியில் மாட்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? அப்படிப்பட்ட வண்டியில் நம் சரக்கை ஏற்றாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

வாயுவில் ஓடும்போது இழுவை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். சமதரையில் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவு கொண்ட ஏற்காடு மலைப்பாதையில் முழு லோடோடு ஏறினால் தெரியும். மலை லைனுக்கு நாம் இன்னும் டீசல் வண்டியைத்தான் அனுப்புகிறோம்.

அப்படியானால் ஏன் வைத்திருக்கிறோம்?

இவ்வளவு சொன்ன பிறகு வண்டியை விற்றுவிட்டீர்களா என்று கேட்கலாம். விற்கவில்லை. நிரப்பும் நேரத்தை மாற்றினோம். வாயு லாரி பெரும்பாலும் முன்னிரவில் வருகிறது என்று டிரைவரே விசாரித்துச் சொன்னார். இப்போது லைன் முடிந்து திரும்பும்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் நிரப்பிக்கொண்டு வருகிறார். வரிசை கால் மணி நேரம், ஏறுவது ஒன்பது கிலோவுக்குக் குறைவதில்லை. அந்த நேரத்துக்குத் தனிப் படி கொடுக்கிறோம். அதைக் கழித்தும் மாதம் இரண்டாயிரத்துக்குமேல் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. லீ பஜாரின் குறுகிய தெருவில் பழைய டீசல் வண்டி பின்னால் வந்து நின்றால், மூட்டை தூக்குகிறவர் முகத்திலேதான் புகை அடிக்கும். நம் கடையில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர் இன்று இருமிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அது எதனால் என்று தீர்ப்புச் சொல்ல நாம் டாக்டர் அல்ல. ஆனால் வாயு வண்டி வந்து நிற்கும்போது கரும்புகை இல்லை என்பதை எல்லாரும் கண்ணால் பார்க்கிறோம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, பேரேட்டில் எழுத முடியாவிட்டாலும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

வாங்க நினைக்கும் உறுப்பினர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று, நம் வண்டி நாளுக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறதா? இரண்டு, நாம் போய்வரும் பாதையிலேயே நிலையம் இருக்கிறதா, அது குழாய் நிலையமா, லாரி நிலையமா? மூன்று, வாயு இல்லாத நாளில் என்ன செய்வோம்? மூன்றுக்கும் விடை இருந்தால் தாராளமாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அந்த நிலையத்தில் போய் நின்று பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அந்த வரிசை சொல்லும்.

ஆனால் தனித்தனியாக நாம் எவ்வளவு சாமர்த்தியம் செய்தாலும் வரிசை குறையாது. அது சங்கம் கேட்டுப் பெற வேண்டியது. நமது கோரிக்கைகள் நான்கு. மொத்த மார்க்கெட்டுக்கு அருகில், சரக்கு வண்டிகள் வந்துபோகும் சாலையில் ஒரு நிலையம் வேண்டும். குறிப்பிட்ட இரவு நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குத் தனி வரிசை வேண்டும். வாயு இருப்பு, அழுத்தம், அடுத்த லாரி வரும் நேரம் ஆகியவற்றை நிலைய வாசலில் பலகையில் எழுத வேண்டும். இயற்கை எரிவாயுவை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோல், டீசலோடு இதையும் வெளியே வைத்தார்கள். அதனால் வாயுவுக்குக் கட்டும் வரியை நாம் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியவில்லை. வியாபாரிக்கு இது நேரடி இழப்பு.

விநியோகக் கம்பெனிக்காரர் நிலையம் அமைக்குமுன் எத்தனை வண்டி வரும் என்று கேட்பார். நாம் நிலையம் வந்தால்தான் வண்டி வாங்குவோம் என்போம். இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. எனவே சங்கம் ஒரு பதிவேடு திறக்கட்டும். யாரிடம் எத்தனை வண்டி, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த லைன் என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கட்டும். நூறு வண்டிகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசினால் அதன் பலம் தனி.

முதல் வரியில் நமது கடையின் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஒரு வண்டி, அறுபது கிலோமீட்டர், ராசிபுரம் லைன்.